நாற்பத்தொரு குளிசை

சம்மாந்துறை மில்லில்
சாக்குத் தைக்கும் நூலும் கோணூசியும் கிடக்கும் தகர டின்னுக்குள்
நாற்பத்தொரு குளிசை.
இரவுக்கு ஒன்று என்று தந்தவை.
றஸீனாவுக்குத் தெரியாது.
ஒவ்வோர் இரவும் தண்ணீர்க் கோப்பையை நீட்டுவாள்,
நான் குடித்து வாயைத் துடைப்பேன்.

கபூர்தீன் சொன்னதுதான்.
"கொலஸ்ட்ரோல் குளிசை கிட்னியத் தின்னும் மச்சான்.
என்ட காக்காவப் பாரு,
கிழமைக்கு ரெண்டு தரம் கல்முனைக்குப் போய் மெசினில கிடக்கார்."
பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி போட்டு
கலக்கிக் கலக்கிச் சொன்னான்.
காக்கா அந்தக் குளிசையைப் போட்டவரா என்று
நான் கேட்கவில்லை.
பயத்துக்கு ரசீது கேட்பாரில்லை.

எனக்கும் காலையில் நுரைத்தது,
சவர்க்காரம் கரைத்து ஊற்றியதுபோல்
அடங்க மாட்டாத நுரை.
இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு
சுபஹுக்குப் போவேன்.
தொடைச் சதையிலும் ஒரு நோவு,
குளிசையாலா மூட்டையாலா
அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

கிளினிக்கில் மிஸ்ஸி கூப்பிட்டாள்:
"சீனிமுகம்மது அச்சிமுகம்மது!"
வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
வாப்பாவின் பெயரிலேயே சீனி,
நான் என்ன செய்ய.

டொக்டர் பிரணவி கொப்பியைத் திறந்தார்.
கெட்ட கொழுப்பு
போன முறை தொண்ணூற்றிரண்டு,
இந்த முறை நூற்றெழுபத்தொன்று.
இலக்கத்துக்கு முகத்தாட்சண்யம் கிடையாது.
"குளிசை எங்க?"
"டின்னுக்குள்ள."

ஏசவில்லை. பேனையை எடுத்தார்.
"கிட்னி எண்டது ஒரு..."
"சல்லடைதானே" என்றேன்.
இருபத்தாறு வருசமாய் அதுதான் என் தொழில்.
கண் பெருத்த சல்லடையில்
குறுணலோடு முழு அரிசியும் கொட்டும்.
முதல் நாள் யாருக்கும் தெரியாது,
குறுணல் மூட்டை பாரமாகும்போதுதான்
முதலாளி கத்துவார்.
"புரதம் அப்பிடித்தான் கொட்டுது" என்றார்,
"உங்கட நுரையில."

"அப்ப இந்தக் குளிசை கண்ணைச் சின்னதாக்குமா?"

வெளியே அம்புலன்ஸ் பின்னுக்கு எடுக்கும் சத்தம்.
அது ஓயும்வரை பேசாமல் இருந்தார்.

"அப்பிடிச் சத்தியம் பண்ண ஏலாது.
கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம்.
சல்லடைக்குச் சீனியும் பிரஷரும்தான் முதல்.
இது நெஞ்சுக்கு.
கிட்னி பழுதான சீனிக்காரர் கனபேர்
கிட்னி முழுசா நிக்கிற நாளக் காணுறதே இல்ல,
அதுக்கு முதல் நெஞ்சு நிண்டிடும்."
கால் நோவுக்கு
இன்னொரு இரத்தச் சோதனை எழுதினார்.

மில்லுக்கு பெல்ட் விற்க வருகிறவன்
எல்லாம் சரியாகும் என்பான்.
ஏலாது என்று சொன்ன வாயைத்தான்
நம்பத் தோன்றியது எனக்கு.

அந்தியில் மெசினை நிறுத்தி
சல்லடையைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
மூன்று கண் கிழிந்திருந்தது.
இதற்குக் கடையில் கம்பி வலை விற்கிறது, முழக்கணக்கில்.
டின்னோடு வீட்டுக்குப் போனேன்.
றஸீனா பாயில் கொட்டி எண்ணினாள்,
பத்துப் பத்தாய்ப் பிரித்து, மிஞ்சியதைத் தனியாய் வைத்து.
நாற்பத்தொன்றையும் சேர்த்துப் போட ஏலாது,
விட்ட இரவு விட்டதுதான்.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
புதிய பைக்கற்றிலிருந்து ஒன்றைக் கையில் வைத்து
என் தொண்டைக்குழி ஏறி இறங்கும்வரை
எதிரில் நின்றாள்.

மறுநாள் தேநீர்க் கடையில்
கபூர்தீனுக்கு எல்லாம் சொன்னேன்,
நெஞ்சு, சல்லடை, டொக்டர் சொன்ன ஏலாது.
வழமையாய்க் குறுக்கே விழுகிறவன்
கேட்டுக்கொண்டிருந்தான்.
பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு
சாரன் மடிப்புக்குள்ளிருந்து
நாலாய் மடித்த ஒரு ரிப்போட்டை எடுத்தான்.
வியர்வையில் மடிப்பு கிழிந்திருந்தது.
"கண்ணாடி கொண்டு வரல்ல.
கிரியேட்டினின் எங்க போட்டிருக்கு, வாசி."

வாசித்தேன்.

சீனிப் போத்தலுக்குள் விட்ட கரண்டியை
வெளியே எடுக்காமல் வைத்திருந்தான்.
"இன்னொருக்கா வாசி" என்றான்.